பதிவு செய்யும் உரிமையும் பதிவு செய்யும் பெட்டியும்

ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் வேளையில் வீட்டில் இல்லாதவர் அதனை இழந்தவரே என்பது தொலைக்காட்சி தோன்றிய காலத்து நியதி. நூலாயின் விட்ட பக்கத்தை மீண்டும் புரட்டிப் படிக்கலாம். நாடகமாயின் மறுநாட் காட்சிக்குச் செல்லலாம். தொலைக்காட்சியோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. இக்குறையைத் தீர்க்க எழுந்ததே வீட்டில் வைத்துப் பதிவு செய்யும் கருவி. அமெரிக்காவில் அக்கருவிக்கு நீதிமன்றத்தில் உரிமை கிடைத்த கதையும், உயர்தெளிவுத் தொலைக்காட்சி வந்தபின் அவ்வுரிமைக்கு ஏற்ற பெட்டியைத் தேடி மக்கள் அலைந்த கதையும் நம் மாணவர்கள் அறிந்துகொள்ளத் தக்கவை. சட்டம் ஒரு கையால் வழங்கியதைத் தொழில்நுட்பம் மறு கையால் வாங்கிக்கொள்ளக் கூடும் என்னும் பாடம் அவற்றில் அடங்கியிருக்கிறது.

ஐவரும் நால்வரும்

1975-ம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய சோனி, பீட்டாமாக்ஸ் என்னும் நாடாப் பதிவுக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. மறு ஆண்டே, அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களாகிய யூனிவர்சலும் டிஸ்னியும், இக்கருவி தம் பதிப்புரிமைக்குக் கேடு செய்கிறது என்று வழக்குத் தொடுத்தன. 1979-ல் கீழ்நீதிமன்றம் சோனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1981-ல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைப் புரட்டியது. ஈற்றில், 1984-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி, அதியுயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசருள் ஐவர் சோனியின் பக்கம் நின்றனர், நால்வர் மறுத்தனர். ஒளிபரப்பாகும் வேளையில் காண இயலாதவர், பின்னர் காண்பதற்கென வீட்டிற் பதிவு செய்தல் நியாயமான பயன்பாடே என்பது தீர்ப்பு. சிறுவர் நிகழ்ச்சி நடத்திய பிரெட் ரொஜர்ஸ் என்பாரும் அவ்வழக்கிற் சாட்சியம் அளித்தார். குடும்பத்தார் தமக்கு வாய்ப்பான நேரத்திற் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சியைக் காட்டுதல் நன்மையே என்பது அவர் கருத்து.

ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் நிலைபெற்றது இவ்வுரிமை.

வடத்தின் வழியே வந்த பூட்டு

அக்காலத்துக் கேபிள் வடத்தைச் சுவரிலிருந்து எடுத்து நாடாக் கருவியின் பின்புறத்திற் செருகினாற் போதும். பெரும்பாலான அலைவரிசைகளை அக்கருவியே தெரிந்து பதிந்துகொள்ளும். 1998-ம் ஆண்டின் பின் உயர்தெளிவுத் தொலைக்காட்சி பரவியதும் நிலைமை மாறிற்று. பழைய படத்திற் காணத்தக்க கோடுகள் 480 மாத்திரமே. புதிய படத்தில் 1,080 கோடுகள். கோடொன்றுக்கு 1,920 புள்ளிகள். ஆக, ஒரு படத்துக்கு இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். இவற்றை எண்களாக மாற்றிச் சுருக்கி அனுப்பிய போதும், வான்வழி ஒளிபரப்பின் உச்ச வேகம் விநாடிக்கு 19 மெகாபிட்டைத் தாண்டும். அந்த அளவில் ஒரு மணி நேரத்தைச் சேமிக்க 8 கிகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும்; 4.7 கிகாபைட் கொள்ளும் டீவீடித் தட்டிலே அரைமணி நேரந்தான் அடங்கும்.

இது வன்தட்டின் பருமனைக் கூட்டித் தீர்க்கத்தக்க இடர். தீராத இடர் வேறொன்று. கேபிள் கம்பனிகள் தம் அலைவரிசைகளை மறைகுறியாக்கிப் பூட்டி அனுப்பின. திறவுகோல் அவை வாடகைக்குக் கொடுக்கும் பெட்டிக்குள் இருந்தது. அப்பெட்டியிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்லும் எச்டிஎம்ஐ வடத்திலும் பிரதி எடுப்பதைத் தடுக்கும் காவல் அமைந்திருந்தது. பதிவு செய்யலாம் என்றது சட்டம். பதிவு செய்யும் வாயிலோ அடைபட்டிருந்தது.

பல வழிகள், பல தடைகள்

முதலாவது வழி, கம்பனி தரும் பதிவுப் பெட்டியையே மாத வாடகைக்கு எடுப்பது. மிக இலகுவானது இதுவே. ஆனால் கம்பனியை மாற்றினால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; அதனுள் இருந்த பதிவுகளும் பெட்டியோடு போய்விடும்.

இரண்டாவது வழி பயர்வயர் என்னும் இணைப்பு. 2004-ம் ஆண்டு ஏப்ரல் முதல், கேட்கும் வாடிக்கையாளருக்கு இவ்விணைப்புள்ள உயர்தெளிவுப் பெட்டியைக் கொடுக்க வேண்டும் என விதி பிறந்தது. ஆயினும் பூட்டிய அலைவரிசைகள் பல அதன் வழியாகவும் பூட்டுடனேயே வெளிவந்தன.

மூன்றாவது வழி சுற்றுவழி. பெட்டியின் பின்புறத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துளைகள் இருக்கும். அவற்றில் வரும் பழைய முறைச் சைகைக்குப் பூட்டு இல்லை. 2008-ல் ஹோபாஜ் நிறுவனம் விற்ற எச்டி-பிவிஆர் என்னும் சிறு கருவி, அச்சைகையை வாங்கி மீண்டும் எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பிற்று. அலைவரிசையை மாற்றுவதற்குத் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியைப் போல ஒளி வீசும் சிறு விளக்கொன்றைப் பெட்டியின் முன் பொருத்த வேண்டும். ஒரு பெட்டியில் ஒரு வேளையில் ஒரு நிகழ்ச்சியே பதியலாம். எனினும், பதிந்த கோப்பு பதிந்தவருக்கே சொந்தம். எந்தக் கணினியிலும் ஓடும்.

அட்டையின் கதை

நேர்வழி ஒன்றையும் சட்டம் வகுத்தது. 1996-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், வாடிக்கையாளர் தம் பெட்டியைக் கடையில் வாங்கிக்கொள்ள வழிசெய்ய வேண்டும் என்றது. இதன் பயனாகப் பிறந்ததே கேபிள்கார்ட் என்னும் அட்டை. கம்பனியின் திறவுகோல் அவ்வட்டைக்குள் அடங்கும். அதனைக் கம்பனியிடம் பெற்று நாம் வாங்கிய கருவியிற் செருகலாம். 2006-ல் வந்த டிவோவின் மூன்றாந் தலைமுறைக் கருவி இவ்வட்டையை ஏற்றது. அதன் தொடக்க விலை ஏறக்குறைய 800 டொலர். 2010-ல் சீற்றன் நிறுவனத்தின் நான்கு நிகழ்ச்சிகளை ஒருங்கே பெறும் கருவியும், 2011-ல் மூன்றினைப் பெறும் எச்டிஹோம்ரன் பிரைமும் வந்தன.

எனினும் ஒவ்வொரு நிகழ்ச்சியோடும் ஒரு சிறு குறியீடு ஒட்டி வந்தது. தாராளமாகப் பிரதி எடுக்கலாம், ஒரு முறை மாத்திரம் எடுக்கலாம், எடுக்கவே கூடாது என அது கட்டளையிடும். ஒருமுறைக் குறியீடு பெற்ற நிகழ்ச்சியை விண்டோஸ் மீடியா சென்டரிற் பதிந்தால், பதிந்த கணினியைத் தவிர வேறெங்கும் அது ஓடாது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் மீடியா சென்டர் இடம்பெறவில்லை. கம்பனிகள் தம் சொந்தப் பெட்டிகளிலும் அட்டையைப் பயன்படுத்த வேண்டும் என்றிருந்த விதி அவ்வாண்டின் இறுதியோடு ஒழிந்தது. 2020-ல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணைக்குழு அட்டை பற்றிய எஞ்சிய கட்டாயத்தையும் நீக்கிற்று.

நாடாவில் தங்கிய காலம்

இத்தனை முயற்சியும் பொழுதுபோக்குக்காகவா என்று வாசகர் வினவலாம். பிலடெல்பியா நகரில் மரியன் ஸ்டோக்ஸ் என்னும் நூலகர் ஒருவர் வாழ்ந்தார். தொலைக்காட்சிச் செய்திகளைப் பல நாடாக் கருவிகள் கொண்டு மூன்று தசாப்தங்களுக்கு மேல் இடையறாது பதிந்து வந்த அவர், 2012-ம் ஆண்டு டிசம்பரில் மறைந்தபோது விட்டுச்சென்ற நாடாக்கள் ஏறக்குறைய 70,000. இணைய ஆவணக்காப்பகம் என்னும் நிறுவனம் அவற்றைப் பொறுப்பேற்றது. ஒருவர் வீட்டு அலமாரி ஒரு நாட்டின் நினைவுக் களஞ்சியமானதற்குக் காரணம், கருவியும் நாடாவும் அவர் கைவசம் இருந்தமையே. வாடகைப் பெட்டியிற் பதிந்திருந்தால் அவை என்றோ திரும்பிப் போயிருக்கும்.

இன்றும் அமெரிக்கக் குடும்பம் ஒன்றுக்குத் தடை குறைந்த வழி, கூரையில் ஒரு வான்கம்பியை நாட்டி, பூட்டில்லாது வரும் ஒளிபரப்பைச் சொந்தக் கருவியிற் பதிவதே. கேபிளில் மாத்திரம் வரும் அலைவரிசைகள் அதில் அகப்படா. எனினும் அகப்பட்டது நிலைக்கும். ஆதலின், எந்நாட்டவராயினும் பெட்டி வாங்கப் புகுவோர் படத்தின் தெளிவை மாத்திரம் விசாரித்து அமையாது, பதிந்தது யாருக்குச் சொந்தம் என்பதையும் முதலிலேயே கேட்டறிதல் வேண்டும்.