கண்ணாடியும் வியர்வையும் சைக்கிளும்

கல்லூரி மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சைக்கிள் கொட்டிலடியில் நின்று பாருங்கள். கண்ணாடி அணிந்த பிள்ளைகள் எல்லோரும் இறங்கியதும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். கண்ணாடியைக் கழற்றி, பர்தாவின் ஓரத்தால் அவசர அவசரமாகத் துடைப்பார்கள். இன்னும் சிலர் புத்தகப் பையைத் திறந்து, உள்ளிருந்து கண்ணாடியை எடுத்து அப்போதுதான் போட்டுக்கொள்வார்கள். வழி முழுவதும் கண்ணாடி இல்லாமல் ஓடி வந்தவர்கள் இவர்கள். சென்ற வருடம்வரை நானும் அவர்களில் ஒருத்திதான்.

எனக்குக் குறும்பார்வை. கண்ணாடியின் வலு 2.50. இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 1 மீற்றரை 2.5 ஆல் வகுத்தால் 40 செ.மீ. வரும். கண்ணாடி இல்லாதபோது என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் எல்லை அவ்வளவுதான். நிமிர்ந்து உட்கார்ந்தால் சைக்கிளின் கைபிடிகூட அந்த எல்லைக்கு அப்பால்தான் இருக்கிறது. வீதியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் வியர்வை வழிந்து மங்கிய கண்ணாடியைவிட வெறுங்கண்ணே மேல் என்று நினைத்திருந்தேன்.

கச்சான் காற்று வீசும் நாளொன்றில், மேலதிக வகுப்பு முடிந்து திரும்பும்போது அந்த நினைப்பு பொய்த்தது. வீதியோரம் நிழல்போல ஏதோ தெரிந்தது. கிட்ட வந்த பிறகுதான் அது குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளை என்று விளங்கியது. பிறேக்கை இறுக்கிப் பிடித்து, சைக்கிளோடு மணலில் சரிந்தேன். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்கை உரசியது.

வீட்டில் வாப்பா காயத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“கண்ணாடி எங்க மகள்?”

“பேக்குக்குள்ள வாப்பா.”

அவர் ஏசவில்லை. “நாளையிலிருந்து ஓட்டோவில போங்க” என்றார். மாதாமாதம் ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசு எங்கள் வீட்டுக்குப் பாரம் என்று எனக்குத் தெரியும். “ஒரு கிழமை தாங்க வாப்பா, இதுக்கு ஒரு வழி பார்க்கிறேன்” என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு கிழமையில் விஞ்ஞான ஆசிரியையிடமும் கண்ணாடிக் கடைக்காரரிடமும் உம்மாவிடமும் கேட்டும், நானே செய்து பார்த்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வியர்வை ஏன் இறங்கிய பின் வழிகிறது?

நாம் சைக்கிள் மிதிக்கும்போது தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சில்லைச் சுழற்றுகிறது. மீதி வெப்பமாக உடலில் தங்குகிறது. அதை வெளியேற்றவே உடல் வியர்க்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோயூல் வெப்பத்தைக் கொண்டு போகிறது. ஆகவே வியர்வை நமக்கு எதிரியன்று, அல்லாஹ் தந்த குளிர்விப்பு அது.

ஓடும்போது முகத்தில் காற்றுப் படுவதால் வியர்வை உடனுக்குடன் ஆவியாகிவிடும். இறங்கி நின்றவுடன் காற்று நின்றுவிடும், உடலின் வெப்பமோ உடனே தணியாது. அதனால்தான் வாசலில் நிற்கும்போது நெற்றியிலிருந்து ஆறாக ஓடுகிறது. வளியில் ஈரப்பதன் கூடிய நாட்களில் ஓடும்போதே வழியும். வயல் பக்கமிருந்து வரும் கச்சான் உலர்ந்த காற்று. அது வியர்வையை விரைவாகக் காய வைத்து, உப்பைக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக விட்டுவிடும்.

ஒரு துளி ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே நாம் காண்கிறோம் என்பதை ஆயிரம் வருடங்களுக்கு முன் இப்னுல் ஹைதம் தமது ‘கிதாபுல் மனாழிர்’ என்ற நூலில் விளக்கினார். கண்ணாடியில் விழும் ஒவ்வொரு துளியும் தானே ஒரு சிறு வில்லையாகி, அந்த ஒளியை வேறு திசைக்குத் திருப்பிவிடுகிறது. எதிரே வெயிலோ வாகன விளக்கோ இருந்தால் துளி முழுவதும் பளிச்சென்று ஒளிர்ந்து வீதியை மறைத்துவிடும்.

நெற்றியிலேயே தடுத்தல்

புருவம் வியர்வையைப் பக்கவாட்டில் திருப்பும் இயற்கையான வாய்க்கால். ஆனால் குனிந்து ஓடினால் துளி புருவத்தைத் தாண்டி நேரே கண்ணாடியின் உட்புறத்தில் விழும். என் சைக்கிளின் கைபிடி தாழ்வாக இருந்தது. அதைச் சற்று உயர்த்தி நிமிர்ந்து ஓடத் தொடங்கியதும் பாதித் துளிகள் நின்றன.

இரண்டாவது, பர்தாவுக்குள் அணியும் உள் தொப்பி. என்னிடம் இருந்தது வழுவழுப்பான பொலியெஸ்ரர் துணி. அது வியர்வையை உறிஞ்சாமல் கீழே விட்டுவிடும். உம்மா பழைய பருத்தித் துவாயில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டி வெட்டி, உள் தொப்பியின் முன்பக்கம் உட்புறமாகத் தைத்துத் தந்தார். வெளியில் தெரியாது. இரண்டு தொப்பிகளில் அவ்வாறு தைத்து மாற்றி மாற்றி அணிகிறேன். தினமும் கழுவ வேண்டும். உப்பும் எண்ணெயும் ஊறிய துணி பிறகு உறிஞ்சாது.

மூன்றாவது, வியர்ப்பதையே குறைத்தல். ரயரில் காற்றுக் குறைந்தால் மிதி கனக்கும், மிதி கனத்தால் வியர்வை கூடும். கிழமைக்கு ஒருமுறை காற்றடிக்கிறேன். முதுகில் மாட்டிய பையைக் கரியரில் கட்டுகிறேன், முதுகுக்குக் காற்றுப் படுகிறது. பத்து நிமிடம் முந்திப் புறப்பட்டு, கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக மிதிக்கிறேன். இதனால் காற்றுப் படும்போதே உடல் ஆறிவிடுகிறது.

கண்ணாடியைச் சரிசெய்தல்

வியர்வையில் மூக்கு வழுக்கினால் கண்ணாடி கீழே இறங்கும். அதை ஒரு கையால் தள்ளிக்கொண்டு ஓடுவது ஆபத்து. கண்ணாடிக் கடையில் காதில் மாட்டும் கைகளின் வளைவையும் மூக்குத் தாங்கிகளையும் சரிசெய்து தந்தார்கள். சட்டகம் புருவத்திலும் கன்னத்திலும் முட்டாமல், நடுவே காற்றுப் போக இடைவெளி இருக்க வேண்டும். நாமே வளைத்தால் முறியும். கையின் நுனியில் மாட்டும் சிலிக்கன் கொளுக்கிகளும் உண்டு. அவை பர்தாவுக்குள் மறைந்துவிடும்.

புகார் படிவது வேறு

வியர்வைத் துளியும் புகாரும் ஒன்றல்ல. சூடான ஈரவளி குளிர்ந்த கண்ணாடியில் பட்டு ஒடுங்குவதே புகார். மழை பெய்த காலையிலும், குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வரும்போதும் இதைக் காணலாம். முகத்தை மூடுபவர்களுக்கு மூச்சு மேல்நோக்கி வருவதால் புகார் கூடும். துணியின் மேல் ஓரத்தை மூக்கோடு படிய வைத்து, கண்ணாடியை அதன் மேல் வைத்தால் குறையும். காற்றுப் பட்டால் புகார் தானே போய்விடும், வியர்வைத் துளி போகாது.

துடைக்கும் முறை

பர்தா ஓரத்தால் உலரத் துடைப்பதுதான் நாம் செய்யும் பெரிய பிழை. இன்றைய வில்லைகள் பெரும்பாலும் பிளாஸ்ரிக். வீதித் தூசும் கடற்கரை மணலும் அதில் கீறல் போடும். முதலில் தண்ணீரில் அலச வேண்டும். நான் ளுஹருக்கு வுழூச் செய்யும்போது கண்ணாடியையும் குழாயில் பிடிக்கிறேன். வீட்டில், பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை விரலால் பூசி, அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கிறேன். சுடுநீர், பற்பசை, சலவைத் தூள் வேண்டாம், வில்லையின் மேற்பூச்சு கெட்டுவிடும். மூக்குத் தாங்கியில் பச்சையாகப் படிவது வியர்வையால் உலோகம் அரிக்கப்படுவதன் அடையாளம். அதையும் கழுவ வேண்டும்.

ஓடும்போது கண்ணாடி மங்கினால் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஓரமாக நிறுத்தி, இறங்கி, கைலேஞ்சியால் முதலில் நெற்றியையும் பிறகு கண்ணாடியையும் ஒற்றுங்கள். ஒரு நிமிடம் பிந்தினால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒரு கிழமை முடிந்தபோது வாப்பா ஓட்டோப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது காலையில் வாசலில் நின்று என் முகத்தை ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் சைக்கிளில் வந்து இறங்கும்போது கண்ணாடி முகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பைக்குள் இருந்தால் ஏசாமல், ஏன் என்று கேளுங்கள். என்னிடம் கேட்டபோதுதான் எனக்கும் பதில் தேட மனம் வந்தது.