எதுல போடப் போற?

சென்னைக் காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் சூடுபிடித்துவிட்டால் கேமராவைத் தூக்குகிறவனை யாரும் கண்டுகொள்வதில்லை. கூடையருகே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா மட்டும் என்னைப் பார்த்து, "எதுல தம்பி போடப் போற?" என்றார். ஏன் எடுத்தாய் என்று கேட்கவில்லை. தெருப்படம் எடுப்பவர்களுக்கான சட்டம் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பொது இடத்தில் படம் எடுக்க முன்அனுமதி வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. கட்டடங்களையும், பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைகளையும் படமெடுத்து வெளியிடலாம் என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. மெரினாவின் உழைப்பாளர் சிலையை எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. ராணுவ வளாகங்களும் 1923ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் தடைசெய்த இடங்களும் வேறு. மால், மெட்ரோ நிலையம் என்றால் அந்தந்த நிர்வாகம் வைத்ததுதான் விதி. தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடுக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. தெருவில் யாராவது கோபப்பட்டால் பேசிப் பாருங்கள், தேவைப்பட்டால் படத்தை அழித்தும் விடுங்கள். ஆனால் கேமராவைப் பிடுங்கும் உரிமை எந்தத் தனி ஆளுக்கும் கிடையாது. போலீஸார் கைப்பற்றினால் பட்டியல் கேளுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, கைப்பற்றுவதை அவர்கள் வீடியோவாகவும் பதிவுசெய்ய வேண்டும்.

நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் குழாயடி. தெருக்குழாயில் குளிப்பவர், படித்துறையில் ஈரப் புடவையோடு நிற்பவர், பேருந்து நிலையத்தில் பால் கொடுக்கும் தாய். இவற்றை "வாழ்க்கை" என்று தலைப்பிட்டுப் போட்டிகளுக்கு அனுப்புகிறோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு இதை வேறு கண்ணால் பார்க்கிறது. ஒருவரின் அந்தரங்க உறுப்பை, பெண்ணின் மார்பு உட்பட, அவருடைய ஒப்புதலின்றி, அந்தரங்கத்தை மீறும் சூழலில் படமெடுப்பதும் வெளியிடுவதும் அனுப்புவதும் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடந்தது பொது இடம் என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. "அனுப்புவது" என்ற சொல்லையும் கவனியுங்கள். கருத்துக் கேட்பதற்காக வாட்ஸ்அப் குழுவில் நான்கு நண்பர்களுக்குப் போட்டாலும் அனுப்பியதுதான். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு இன்னொரு படி போகிறது. அந்தரங்கமான நிலையில் தன்னைப் படமெடுக்க ஒரு பெண் ஒப்புக்கொண்டிருந்தாலும், பரப்ப ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பரப்பியது குற்றம்.

குழந்தைகள் விஷயத்தில் நான் இப்போது கோழையாகவே இருக்கிறேன். தெருவில் வசிக்கும், பிச்சையெடுக்கும் குழந்தையை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை என்கிறது. அப்படியொரு குழந்தை விசாரணை எதிலாவது சம்பந்தப்பட்டிருந்தால், அடையாளம் தெரியும் படத்தை வெளியிடுபவருக்கு 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். சிக்னலில் நிற்கும் பிள்ளை எந்த விசாரணையில் இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? பள்ளிச் சீருடையும் பெயர் அட்டையும் தெரியும் படங்களையும் நான் வெளியே காட்டுவதில்லை.

சாதாரண முகமாக இருந்தால்? கனடாவின் மான்ட்ரியலில், ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை ஒரு கலை இதழ் அவளைக் கேட்காமல் வெளியிட்டது. படத்தில் ஆபாசம் எதுவும் இல்லை. ஆனாலும் 1998இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவளுக்கு 2,000 டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது. நியூயார்க்கில், டைம்ஸ் சதுக்கத்தில் எடுத்த முகங்களைக் கண்காட்சியில் வைத்த பிலிப்-லோர்கா டிகோர்சியா மீதான வழக்கு 2006இல் தள்ளுபடியானது. அங்கே அது கலை. நம் நாட்டில் இவ்வளவு தெளிவான கோடு இல்லை. நக்கீரன் இதழுக்கும் தமிழக அரசுக்கும் நடந்த வழக்கில், 1994இல், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் ஒப்புதலின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்றது உச்ச நீதிமன்றம். 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்தார்கள். எனவே விளம்பரம் என்றால் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். டாஸ்மாக் வாசலில் சும்மா நின்றவரை எடுத்து "குடிமகன்" என்று எழுதினால், வழக்கு வருவது படத்தால் அல்ல, அந்த ஒரு சொல்லால்.

உங்கள் முகம் எங்காவது ஏறிவிட்டால், முதலில் பக்கத்தை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு போட்டவரிடம் கேளுங்கள். மசியாவிட்டால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார். 2021 விதிகளின்படி அவர் இருந்தே ஆக வேண்டும். அடுத்தது மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழு. ஆபாசமாகவோ மார்ஃபிங் செய்தோ போட்டிருந்தால் காத்திருக்காமல் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் தரலாம்.

படத்தைத் திருடுகொடுத்தவருக்கும் வழி உண்டு. கூலிக்கோ சம்பளத்துக்கோ எடுக்காத படம், ஷட்டரை அழுத்திய கணத்திலிருந்து உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை. வேண்டுமானால் 500 ரூபாய் கட்டணத்தில் பதியலாம். 2013 பதிப்புரிமை விதிகளின்படி எழுத்தில் முறையாகப் புகார் தந்தால், தளம் 36 மணி நேரத்துக்குள் படத்தை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் தளம் அதைத் திரும்பப் போட்டுவிடலாம். "அனுப்பும் படங்களின் உரிமை எங்களுக்கே" என்று பொடி எழுத்தில் அச்சிட்ட போட்டி விதிகளையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

காசிமேட்டு அம்மாவின் படத்தை நான் கற்றுக்கொள்பவர்களுக்காக இணையத்தில் பகிர்ந்திருந்தேன். ஆறு மாதம் கழித்து அது ஒரு கடையின் ஃப்ளெக்ஸ் பேனரில் தொங்கியது. முன்னும் பின்னும் எடுத்த ஃப்ரேம்களை ரா ஃபைலோடு காட்டியதும் கடைக்காரர் எனக்குப் பணம் தந்தார். அந்த அம்மாவிடம் போய், உங்களுக்கும் தனியாகக் கேட்க உரிமை இருக்கிறது என்றேன். பேனரைக் கழற்றச் சொல், அது போதும் என்றார்.