அடிநாத ஒலிபெருக்கி பழுதுற்றதா? அறியும் முறை

தறியில் இழை அறுந்தால் தறியையே மாற்ற எவரும் எண்ணுவதில்லை. அறுந்த இடத்தைத் தேடிப் பிணைக்கின்றோம். ஆயின் பாட்டுக் கருவியில் அடிநாதம் குன்றினால் மட்டும், ஒலிபெருக்கி போயிற்று என்று புதியது வாங்கப் புறப்படுகின்றோம். பல வேளைகளில் அச்செலவு வீணாகின்றது. சில வேளைகளில் புதியதும் எரிந்துவிடுகின்றது.

சப்வூபர் எனப்படும் இவ்வொலிபெருக்கி, வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 200 வரையுள்ள தாழ்ந்த அதிர்வுகளை ஒலிப்பது. அதன் காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள் உள்ளது. ஆம்ப்ளிபயரின் மின்னோட்டம் சுருளை முன்னும் பின்னும் அசைக்க, அதனோடு ஒட்டிய கூம்பு காற்றை அதிரச் செய்கின்றது.

முதலாவதாக, மின்சாரத்தை நிறுத்திக் கம்பிகளை ஆராய்க. இரண்டு சப்வூபர்கள் இருந்து, ஒன்றில் மட்டும் கூட்டல், கழித்தல் முனைகள் மாறியிருப்பின், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும்; அடிநாதம் தேய்ந்துவிடும். இங்கே எதுவும் பழுதன்று. ஒன்றன் முனைகளை மாற்றி இணைத்தால் நாதம் மீளும்.

இரண்டாவதாக, ஒலிபெருக்கியின் கம்பிகளைக் கழற்றி, மல்டிமீட்டரால் அதன் முனைகளில் ஓம் அளவைப் பார்க்க. 4 ஓம் எனக் குறித்தது பெரும்பாலும் 3 முதல் 4 வரையும், 8 ஓம் எனக் குறித்தது 5.5 முதல் 7.5 வரையும் காட்டும். அளவே காட்டாவிடில் சுருள் அறுந்தது. சுழியை ஒட்டிக் காட்டின் சுருள் குறுக்கிணைந்தது. இரட்டைச் சுருள் உடையதாயின் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

மூன்றாவதாக, கூம்பின் இருபுறமும் விரல்களை வைத்துச் சமமாக, மெல்ல அழுத்துக. தடையின்றிச் சென்று மீள வேண்டும். உராயும் ஓசையோ கருகிய நாற்றமோ இருப்பின் சுருள் வெந்தது எனலாம். நுரை விளிம்பு மட்டும் பொடிந்திருப்பின் புது விளிம்பு ஒட்டினாலே போதும். முழுவதையும் மாற்ற வேண்டுவதில்லை.

நான்காவது சோதனையே இன்றியமையாதது. சுருள் எரிந்திருப்பின், புதியதை இணைக்குமுன் ஆம்ப்ளிபயரைப் பாட்டின்றி இயக்கி, அதன் வெளிமுனைகளில் டி. சி. வோல்ட்டை அளக்க. ஒரு வோல்ட்டின் நூறிற் சில பங்குக்கு மேற்படலாகாது. சில வோல்ட் காட்டின் குற்றம் ஆம்ப்ளிபயரினது. அதைச் செப்பனிடாமல் இணைக்கும் ஒலிபெருக்கி ஒவ்வொன்றும் எரியும்.

ஆம்ப்ளிபயர் உள்ளேயே அமைந்த பெட்டிகளைத் தாமே திறத்தல் கூடாது. இணைப்பைக் கழற்றிய பின்னும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். அதனைத் தொழில் அறிந்தவரிடம் விடுக.

சோதனைகளில் தேறிய ஒலிபெருக்கியையும் காப்பது நம் கையிலேயே உள்ளது. ஒலி கரகரக்கத் தொடங்கியதும் அளவைக் குறைத்துவிடுவதே அதன் ஆயுளை நீட்டிக்கும் எளிய வழியாகும்.