மலிவான எஸ்.எஸ்.டி.யும் அதற்கேற்ற கோப்பு முறையும்

பள்ளிகளிலும் கிளை அலுவலகங்களிலும் உள்ள பழைய கணினிகளை விரைவாக இயங்கச் செய்யும் எளிய வழி, வன்தட்டை நீக்கிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவதாகும். சுழலும் தட்டோ நகரும் முனையோ இல்லாத இச்சாதனம் இன்று குறைந்த விலைக்கும் கிடைக்கிறது. ஆயினும், விலை குறையும்பொழுது பாதுகாப்பு ஏற்பாடுகளும் சில குறைகின்றன. மழையளவுப் பதிவுகள், மண் சோதனை முடிவுகள், மாணவரின் மதிப்பெண்கள் ஆகியவை இதில் தங்குவதால், எந்தக் கோப்பு முறையை இதில் அமைப்பது என்பது சிந்தித்து முடிவு செய்யத்தக்க விஷயமாகும்.

கோப்பு முறை என்பது யாது? சேமிப்புச் சாதனத்தை எண்ணிடப்பட்ட அறைகள் கொண்ட கிடங்கு எனக் கொள்ளலாம். எந்தக் கோப்பு எந்த அறைகளில் உள்ளது, எந்த அறைகள் காலியாக உள்ளன என்று காட்டும் கணக்கேடே கோப்பு முறை. கணக்கேடு கெட்டுவிட்டால், பண்டம் கிடங்கில் இருந்தும் கைக்குக் கிட்டாது.

சாதனத்தின் உள்ளே

எஸ்.எஸ்.டி.யில் இருப்பது நாண்ட் வகைப் பிளாஷ் நினைவகம். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோகாவும் அவருடைய குழுவினரும் இதனை 1987-இல் வெளியிட்டனர். இதில் எழுதுவது பக்கம் பக்கமாக நடைபெறும். அழிப்பதோ பல பக்கங்கள் அடங்கிய கட்டம் கட்டமாகவே இயலும். பக்கம் சில கிலோபைட் அளவினது. கட்டமோ சில மெகாபைட் அல்லது அதற்கும் மேற்பட்ட அளவினது. எழுதிய பக்கத்தின்மீது நேரே மறுபடியும் எழுத முடியாது. ஆகவே ஒரு சிறு திருத்தமும் வேறொரு பக்கத்தில் எழுதப்படுகிறது. எது எங்கே சென்றது என்பதைச் சாதனத்திலுள்ள கட்டுப்படுத்தி தனது அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. அதுவே எல்லாக் கட்டங்களும் ஒரே சீராகத் தேயுமாறு வேலையைப் பங்கிடுகிறது.

இவ்வாறு எஸ்.எஸ்.டி.யில் இரண்டு கணக்கேடுகள் உள்ளன: ஒன்று கோப்பு முறை; மற்றொன்று கட்டுப்படுத்தியின் அட்டவணை. மலிவான சாதனங்களில் அட்டவணைக்கென்று தனி விரைவு நினைவகம் பெரும்பாலும் இருப்பதில்லை. மின்சாரம் திடீரென நின்றால், நடந்துகொண்டிருக்கும் வேலையை முடிப்பதற்கு வேண்டிய ஆற்றலைத் தேக்கி வைக்கும் மின்தேக்கிகளும் இரா.

தேய்மானமா, மின்தடையா?

பிளாஷ் நினைவகம் எழுத எழுதத் தேயும் என்ற அச்சத்தால் பலர் கோப்பு முறையின் பாதுகாப்புகளை நிறுத்திவிடுகின்றனர். ஒரு கணக்கைப் பார்ப்போர் இவ்வச்சம் மிகையானது என உணர்வர். 240 கிகாபைட் சாதனத்தின் ஒவ்வொரு கட்டமும் 500 முறை மட்டுமே அழித்தெழுதத் தாங்கும் எனவும், உள்வேலைகளால் எழுத்து மும்மடங்காகும் எனவும் கடுமையாகவே கொள்வோமாயின், 40,000 கிகாபைட் எழுதலாம். நாளொன்றுக்கு 10 கிகாபைட் வீதம் இது ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்குப் போதும். சாதாரண அலுவலகத்தில் அவ்வளவு எழுதப்படுவதே அரிது.

மின்தடையின் தீங்கோ உடனடியானது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தினரும் எச்.பி. ஆய்வுக்கூடத்தினரும் 15 எஸ்.எஸ்.டி.களின் மின்சாரத்தைத் திடீர் திடீரெனத் துண்டித்துச் சோதித்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 13 சாதனங்கள் கோளாறு காட்டின. சிலவற்றில் பதிவுகள் சிதைந்தன. முழுவதும் செயலற்றுப்போன சாதனமும் உண்டு. எனவே, மின்தடையைத் தாங்கும் திறனே கோப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும் முதல் அளவுகோலாதல் வேண்டும்.

கோப்பு முறைகளின் குணங்கள்

1996-இல் வந்த பேட்-32, 2006-இல் வந்த எக்ஸ்பேட் ஆகிய இரண்டும் எல்லாக் கணினிகளிலும் இயங்கும். பென் டிரைவுக்கு அவை ஏற்றவை. மின்தடையின்பின் கணக்கைச் சீர்செய்ய உதவும் முன்குறிப்பேடு அவற்றில் இல்லையாதலால், கணினியின் முதன்மைச் சாதனத்திற்கு உகந்தவை அல்ல. விண்டோஸ் கணினிகளில் அமையும் என்.டி.எப்.எஸ். 1993 முதல் வழக்கில் உள்ளது; அதில் முன்குறிப்பேடு உண்டு.

லினக்ஸ் கணினிகளுக்கு வழிகள் பல. 2008-இல் நிலைபெற்ற எக்ஸ்ட்-4, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் முன்குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பின்னரே உரிய இடத்தில் எழுதுகிறது. மின்சாரம் திரும்பியதும் அதனைப் பார்த்துக் கணக்கை நேராக்கிக்கொள்கிறது. கடைசிச் சில விநாடிகளில் எழுதியது போகக்கூடும். கணக்கேடு பெரும்பாலும் பிழைத்துவிடும். பழுது பார்க்கும் கருவியும் நெடுங்காலம் பயின்று தேர்ந்தது.

சாம்சங் நிறுவனம் உருவாக்கி 2013-இல் லினக்ஸில் சேர்ந்த எப்2எப்எஸ், பிளாஷுக்கென்றே வகுக்கப்பட்டது. ஆண்டிராய்டு தொலைபேசிகள் பலவற்றில் உள்ளது. ஆனால் எஸ்.எஸ்.டி.யின் கட்டுப்படுத்தி இதே வேலையை ஏற்கெனவே செய்வதால், அலுவலகக் கணினியில் இதன் தனிப்பயன் சிறிதே.

பி.டி.ஆர்.எப்.எஸ்., இசட்.எப்.எஸ். ஆகியவை ஒவ்வொரு பதிவுக்கும் சரிபார்ப்புத் தொகை ஒன்றைச் சேர்த்து வைக்கின்றன. ஆரவாரமின்றிக் கெட்டுப்போன கோப்பை அவை காட்டிக்கொடுக்கும், எக்ஸ்ட்-4 காட்டாது. இது பெரும் சிறப்பாகும். எனினும் வேறு பிரதி இல்லாதபோது கெட்டதைத் திருத்த அவற்றாலும் இயலாது. மேலும், எழுதி முடித்ததாகச் சாதனம் கூறும் சொல்லை அவை பெரிதும் நம்புகின்றன. அச்சொல் பொய்த்தால் முழுத் தொகுதியும் திறக்க மறுப்பதுண்டு. மீட்பதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

ஆகவே, மின்தடை அடிக்கடி நேரும், கணினி வல்லுநர் அருகில் இல்லாத இடங்களில் எக்ஸ்ட்-4 ஏற்றது. சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியனும் வழக்கமாக இதனையே அமைக்கிறது. வல்லுநரும் முறையான பிரதிகளும் உள்ள இடங்களில் பி.டி.ஆர்.எப்.எஸ். சிறந்தது.

கடைப்பிடிக்க வேண்டியவை

முன்குறிப்பேட்டை நிறுத்தலாகாது. நீக்கப்பட்ட கோப்புகளின் பக்கங்களைச் சாதனத்திற்கு அறிவிக்கும் டிரிம் என்னும் கட்டளை வாரம் ஒருமுறை இயங்குமாறு அமைத்தல் வேண்டும். சாதனத்தில் பத்தில் ஒரு பங்கேனும் காலியாக இருத்தல் நலம். கணினியை முறைப்படி நிறுத்திய பின்னரே மின்விசையை அணைத்தல் வேண்டும், யு.பி.எஸ். ஒன்று இருப்பின் பாதுகாப்பு பன்மடங்காகும்.

எஸ்.எஸ்.டி.யைப் பெட்டியில் பூட்டி நெடுங்காலம் வைப்பதும் தகாது. தேய்மான எல்லையை எட்டிய சாதனம் மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு பதிவுகளைக் காக்க வேண்டும் என்பது ஜெடெக் அமைப்பு வகுத்த தர விதி. வெப்பம் மிகுந்தால் அக்காலம் குறையும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, வாரந்தோறும் வேறொரு சாதனத்தில் பிரதி எடுப்பதாகும். எந்தக் கோப்பு முறையும் இதற்கு ஈடாகாது. கெட்ட சாதனத்திற்குப் பதிலாக வேறொன்றை வாங்கிவிடலாம். பெய்து முடிந்த மழையை மறுபடியும் அளக்க இயலாது.