நாமே ஒட்டும் சார்ட்

ரயில் பெட்டியின் வாசலருகே ரிசர்வேஷன் சார்ட் ஒட்டியிருந்த காலத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பெயர், ஆணா பெண்ணா, வயது, பெர்த் எண் என்று அத்தனையும் பிளாட்பாரத்தில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் படிக்கலாம். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் நாகபுரியில் நிற்கும் சில நிமிடங்களில் அந்தப் பட்டியலை மேய்ந்து, நம்மவர் யாராவது இருக்கிறாரா என்று தேடிப்போய்ப் பேச்சுக் கொடுத்தவர்களும் உண்டு. வயதைக் குறைத்துச் சொல்லிவந்த மாமிகளுக்குத்தான் அதனால் தொல்லை! 2018 மார்ச் முதல் பெரிய நிலையங்களில் சார்ட் ஒட்டுவதை ரயில்வே நிறுத்தியது. காகிதத்தை மிச்சப்படுத்தத்தான் நிறுத்தினார்களே தவிர, நம் அந்தரங்கத்தைக் காப்பதற்காக அல்ல. ஆனாலும் நல்லதே நடந்தது.

நிற்க. ரயில்வே ஒட்டாமல் விட்ட சார்ட்டை இப்போது நாமே ஒட்டிக்கொண்டிருக்கிறோம். ஏப்ரல் பிறந்தால் போதும், நம் வாட்ஸப் குழுவில் டிக்கெட்டின் படம் வந்துவிடும். "கும்பகோணம் போகிறோம், ஜூன் பத்தாம் தேதிதான் திரும்புவோம், யாருக்காவது வடகம் வேண்டுமா?" அன்பான விசாரிப்புத்தான். ஆனால் அந்த டிக்கெட்டில் உள்ள பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணை வைத்து என்றைக்கு, எந்த வண்டியில், எங்கே போகிறீர்கள் என்று யாரும் பார்த்துவிடலாம். வீடு எத்தனை நாள் பூட்டியிருக்கும் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். குழுவில் இருக்கும் முந்நூறு பேரையும் நமக்குத் தெரியுமா? வடகத்தைக் கேளுங்கள், டிக்கெட் படம் வேண்டாம்.

நம் விவரங்களுக்கு விலை உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். என் தாய்வீட்டு விஷயத்தையே சொல்கிறேன். 2022 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் பயணிகளின் விவரங்களைக் கொண்டு வருமானம் ஈட்ட வழி சொல்லும் ஆலோசகர் வேண்டுமென்று டெண்டர் விட்டது. எதிர்ப்பு கிளம்பவே அதே மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. விலை இல்லாத பொருளுக்கு யாராவது டெண்டர் விடுவார்களா?

சென்ற நவம்பரில் நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவருக்கு ஒரு போன் வந்தது. பெயர் வேண்டாம், அவரும் ரயில்வேக்காரர்தாம். "வணக்கம் ஐயா, பென்ஷன் ஆபீசிலிருந்து பேசறேன். லைஃப் சர்டிபிகேட் இன்னும் ஏறலையே? நமக்கும் மாயவரம் பக்கம்தான் ஐயா." முப்பது ஆண்டுகளாக எந்த ஆபீசிலும் இந்தியும் மராத்தியுமே கேட்டுப் பழகிய காதில் இப்படித் தமிழ் விழுந்தால் யாருக்குத்தான் மனம் இளகாது! அன்பர் ரிடையர் ஆன வருஷம், மனைவியின் பெயர், மகள் புணேயில் இருப்பது எல்லாம் அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. "ஒரு நம்பர் வந்திருக்கும், அதை மட்டும் படிங்க ஐயா" என்றானாம். இவரும் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதற்குள் வீட்டம்மாள் போனை வாங்கி, "மாயவரத்துல எந்தத் தெருப்பா?" என்று கேட்டார். லைன் கட்டாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு அன்பரின் சேமிப்பு முழுவதும் கடன்பட்டிருக்கிறது.

லைஃப் சர்டிபிகேட் என்பது வங்கியிலோ தபால் நிலையத்திலோ, அல்லது செல்போனில் முகத்தைக் காட்டியோ நாமே கொடுப்பது. அதற்காக யாரும் போன் செய்து ஓ.டி.பி. கேட்கமாட்டார்கள். நான் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தவன். எனக்குத் தெரிந்த உவமையைச் சொல்கிறேன். ஒற்றைப் பாதையில் டிரைவரிடம் ஓர் இரும்புப் பந்தைக் கொடுத்தனுப்புவோம். அடுத்த ஸ்டேஷன்காரரும் சம்மதித்தால்தான் அது கருவியிலிருந்து வெளியே வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பாதை சொந்தம். ஓ.டி.பி.யும் அந்தப் பந்துதான். வழிப்போக்கன் கேட்டான் என்று எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் பந்தைத் தூக்கிக் கொடுத்ததில்லை.

சரி, அந்த ஆளுக்கு இவ்வளவும் எப்படித் தெரிந்தது? சொந்த ஊர், ரிடையர் ஆன வருஷம், மனைவி பெயர், மக்கள் இருக்கும் ஊர், போன் நம்பர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும் இடம் நம் சங்கத்தின் உறுப்பினர் கையேடுதான். அச்சுப் புத்தகமாக அலமாரியில் இருந்தவரை அதனால் ஆபத்தில்லை. இப்போது அது பி.டி.எஃப். கோப்பாகக் குழுவுக்குக் குழு போய்க்கொண்டிருக்கிறது. அதில் பிறந்த தேதியும் இருக்கிறது. ஆதார் தளத்திலிருந்து இறக்கும் இ-ஆதார் கோப்பின் பாஸ்வேர்டு என்ன? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டியது போலத்தான்.

அந்த இ-ஆதாரை ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸப் நம்பருக்கு அனுப்பி அச்செடுப்பது இன்னொரு வழக்கம். நம் செல்போனில் அழித்தாலும் அவர் கம்ப்யூட்டரில் இறங்கிய பிரதி அங்கேயே கிடக்கும். அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யும்வரை நின்று பார்த்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கூடுமானவரை முதல் எட்டு இலக்கங்களை மறைத்த மாஸ்க்டு ஆதாரையே கொடுங்கள். அதே தளத்தில் அதுவும் கிடைக்கிறது. கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் அங்கே உண்டு, வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

செல்போனில் செய்யவேண்டியது அதிகமில்லை. செட்டிங்ஸில் பிரைவசி என்ற பகுதிக்குள் போய், எந்தெந்த ஆப்புக்கு எதைப் பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று ஒருமுறை பாருங்கள். பஞ்சாங்க ஆப்புக்கு நம் போன் புத்தகம் எதற்கு? அதில் இருப்பவை நம் எண்கள் மட்டுமல்ல, சம்பந்தி வீட்டு எண்ணும் டாக்டர் எண்ணும்கூட. வாட்ஸப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்ற ஆறு இலக்கப் பூட்டைப் போடுங்கள். லிங்க்டு டிவைசஸ் பட்டியலில் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் நீக்குங்கள். பொதுக் கம்ப்யூட்டரில் இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்தால் யாருக்கும் தெரியாது என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்த பிரவுசர் ஞாபகம் வைக்காது, அவ்வளவுதான். பணம் போய்விட்டதென்றால் அழக்கூட நேரம் எடுக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அடியுங்கள். உடனே சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்புண்டு.

"நம்மைப் போன்ற கிழங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்களே, அந்த வழக்கைத் தொடுத்த ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசுவாமிக்கு, வழக்குப் போட்ட 2012இல் வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

கையேட்டைப் பற்றி வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவரப்போகிறேன். பி.டி.எஃப். வேண்டாம், அச்சுப் பிரதி மட்டும் போதும். பெயர், பேட்டை, சம்மதித்தவர்களின் போன் நம்பர் தவிர வேறெதுவும் வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அனுப்ப முகவரிக்கு எங்கே போவது என்று செயலாளர் இப்போதே கேட்கிறார். போன் செய்து கேட்கலாமே! சதாபிஷேக வாழ்த்து வெளியானால் பிறந்த ஆண்டு எப்படியும் தெரிந்துவிடும் என்பதும் அவர் வாதம். அது நியாயம்தான், அதற்கு எனக்கு இன்னும் வழி தோன்றவில்லை. தோன்றியவர்கள் பொதுக்குழுவுக்கு முன் எனக்கு எழுதுங்கள்.