இரண்டு வினாடிச் சத்தம்

வானொலி அறிவிப்பாளனான எனக்குச் சோறு போடுவது காதுதான். அந்தக் காதையே மூன்று மாதம் ஏமாற்றினேன். காலையில் காரை முடுக்கியதும் கரகரவென்று ஏதோ கேட்கும். உடனே பாட்டின் ஒலியைக் கூட்டிவிடுவேன்.

தீபாவளிக்குக் கேமரன் மலைக்குப் போனபோது அது நடக்கவில்லை. ஹாபு பக்கம், தேயிலைத் தோட்டத்துக் குளிரில், என் ஹோண்டா சிவிக் டைப் ஆர் சலங்கையை உலுக்கியதுபோல் இரண்டு வினாடி அலறிவிட்டு அடங்கியது. தோட்டத்துப் பழைய லேண்ட் ரோவரை ஓட்டி ஓய்வுபெற்றவர் அப்பா. அதிலும் டைமிங் செயின்தான். தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றவர், "செயின் தளர்ந்துடுச்சு. இத வச்சிக்கிட்டு தாப்பா ரோட்டுல எறங்காதே" என்றார்.

கீழே சுழலும் கிராங்கையும், மேலே வால்வுகளை இயக்கும் கேம் தண்டுகளையும் இணைப்பது இந்தச் செயின். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. செயின் சில பற்கள் தாவினால் போதும், பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்துவிடும். நிமிடத்துக்கு 8,000 சுற்றில் 225 குதிரைத்திறன் தரும் இன்ஜின் இது. நினைக்கவே வயிற்றைக் கலக்கியது.

செயின் ரப்பர்போல் நீள்வதில்லை. கண்ணிகளின் ஊசிகளும் துளைகளும் தேய்ந்து, மொத்த நீளம் கூடுகிறது. அந்தத் தளர்வை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் வேண்டும். அது ஏறும்வரை கேட்பதுதான் அந்தச் சத்தம். ஆயில் மாற்றாமல் தள்ளிப்போட்டவன் நான்தான்.

இணையத்தில் 'ரேஸ் செயின்' ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. பட்டறை அண்ணன் சிரித்தார். "கேம் மாத்தல, வால்வு ஸ்பிரிங் மாத்தல. ரேஸ் செயின் எதுக்கு தம்பி? ஒரிஜினலே போதும். ஆனா செயினை மட்டும் மாத்தினா வேலைக்காகாது."

டென்ஷனர், செயின் உரசி ஓடும் கைடுகள், பல் கூர்ந்துபோன ஸ்ப்ராக்கெட்டுகள் என எல்லாம் சேர்ந்து பட்ஜெட்டைத் தின்றன. சாமான் வர நான்கு நாள். என் நிகழ்ச்சியை நண்பர்தான் படைத்தார்.

நிறம் தீட்டிய கண்ணிகளை ஸ்ப்ராக்கெட் குறிகளோடு பொருத்தினார் அண்ணன். உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, எங்கும் தட்டவில்லை, குறிகள் திரும்பவும் நேராக நிற்கின்றன என்று பார்த்தார். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்துகிற பட்டறையில் காரை விடாதீர்கள்.

மறுநாள் காலை அதே குளிர். அப்பா கோப்பையோடு வாசலுக்கு வந்து நின்றார். சாவியைத் திருகினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீரை ஊதிக் குடித்தார்.