பதிவேடுகள் பேசட்டும் – 14: ஸ்டேஷனில் இல்லை என்றால் எங்கே?

“விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்” என்று சொல்லித்தான் ஆளைக் கூட்டிப்போவார்கள். வந்தவர்கள் மஃப்டியில் இருந்தால் எந்த ஸ்டேஷன் என்பதுகூட வீட்டாருக்குத் தெரியாது. ராத்திரி உள்ளூர் ஸ்டேஷனில் போய்க் கேட்டால், “இங்க அப்படி யாரும் வரலியே” என்பார் பாராவில் நிற்கும் காவலர். அவர் சொல்வது நிஜமாகவும் இருக்கலாம். பிடித்தது தனிப்படையாக இருந்தால், ஆள் வேறொரு ஸ்டேஷனில் இருப்பார்.

போன வாரம் எப்.ஐ.ஆரையும் சி.எஸ்.ஆரையும் பார்த்தோம். கைதான ஒருவரை அரசாங்கத்தின் பதிவேடுகளை வைத்தே தேடிக் கண்டுபிடிப்பது எப்படி என்பது இந்த வாரம்.

முதலில் அந்த ‘விசாரணை’யைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கைது என்று எழுதிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு சொல்வது அது. எழுதாத வரைக்கும் அந்தக் கடிகாரம் ஓடவில்லை என்பது சில ஸ்டேஷன்களின் கணக்கு. சட்டத்தின் கணக்கு அது இல்லை. ஒருவர் தன் விருப்பப்படி எழுந்து வீட்டுக்குப் போக முடியாத நிமிடத்திலிருந்தே அவர் காவலில்தான் இருக்கிறார். 2025 ஜூனில் நகை காணாமல் போன புகாரில் உயிரை விட்ட மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரும் விசாரணைக்கு என்று அழைத்துப் போகப்பட்டவர்தான். ஆளைப் பிடித்ததற்கும் அதைத் தாளில் எழுதியதற்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் நம் ஊரில் மிக ஆபத்தான நேரம். தேட வேண்டியதும் அப்போதுதான்.

அந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் அரெஸ்ட் மெமோ. 1986-ல் மேற்கு வங்க சட்ட உதவி அமைப்பின் தலைவராக இருந்த டி.கே.பாசு, லாக்கப் சாவுகள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காகி, 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பதினொரு கட்டளைகள். அவற்றில் முக்கியமானவை பிறகு சட்டத்திலேயே ஏறின. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-வது பிரிவிலும் மெமோ இருக்கிறது.

மெமோவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது பெரும்பாலும் ஒரே ஒரு தாள். பெயர், அப்பா பெயர், குற்ற எண், சட்டப்பிரிவு, கைதான இடம், தேதி, நேரம், தகவல் சொல்லப்பட்ட உறவினர். கீழே சாட்சி கையெழுத்து, கைதானவர் கையெழுத்து. சாட்சி குடும்பத்தில் ஒருவராகவோ அந்தப் பகுதியில் மதிக்கத்தக்க ஒருவராகவோ இருக்க வேண்டும். உங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னால் மற்ற எதையும்விட நேரம் என்ற இடத்தைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கூட்டிப்போனவரை மாலை ஐந்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாக எழுதியிருந்தால், கையெழுத்துப் போடும்போதே பக்கத்தில் நீங்கள் அறிந்த நேரத்தையும் எழுதுங்கள். விடமாட்டேன் என்றால் கையெழுத்தே போட வேண்டாம்.

நேரத்தை நிரூபிக்க நம் ஊர் ஜனங்கள் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. அது தந்தி. ஆளைத் தூக்கிய உடனே வீட்டார் தபால் ஆபீசுக்கு ஓடுவார்கள். உள்துறைச் செயலாளருக்கு ஒன்று, எஸ்.பி.க்கு ஒன்று, மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்று என்று தந்தி அடிப்பார்கள். அதில் விழும் தேதியும் நேரமும் அரசாங்க முத்திரை; போலீஸ் பின்னால் என்ன நேரம் எழுதினாலும், ஆட்கொணர்வு மனுவில் வக்கீல் அந்தத் தந்தி ரசீதை எடுத்து வைப்பார். சட்டம் படிக்காதவர்கள் சட்டத்துக்குள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட பாதுகாப்பு இது. அவர்கள்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோனது. இன்று அதே வேலையை மின்னஞ்சல் செய்யும். எஸ்.பி. அலுவலகம் அல்லது கமிஷனர் அலுவலகம், மாநில மனித உரிமை ஆணையம், அந்தப் பகுதி மாஜிஸ்திரேட் நீதிமன்றம் – இவற்றுக்கு யாரை, எத்தனை மணிக்கு, எங்கிருந்து, எந்த வண்டியில் கூட்டிப்போனார்கள் என்று நாலு வரி போதும். கட்டுப்பாட்டு அறைக்கும் போன் செய்யுங்கள். உங்கள் போனிலேயே அழைத்த நேரம் பதிவாகிவிடும்.

கட்டுப்பாட்டு அறையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கட்டுப்பாட்டு அறை அமைக்க வேண்டும், கைதானவர் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பராமரிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்கிறது அதே சன்ஹிதாவின் 37-வது பிரிவு. அவர் உதவி சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பதவியில் இருக்க வேண்டும். அந்த விவரம் ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையகத்திலும் பளிச்சென்று தெரிகிற மாதிரி, டிஜிட்டல் முறையிலும், வைக்கப்பட வேண்டும். 48-வது பிரிவோ கைதையும் வைத்திருக்கும் இடத்தையும் உறவினருக்கு உடனே சொல்லச் சொல்கிறது. நான் போன ஸ்டேஷன்களில் ரோந்து அட்டவணைக்கும் குற்றப் புள்ளிவிவரத்துக்கும் பலகை உண்டு. இன்று கைதானவர்கள் யார் என்ற பலகையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் வாய்விட்டே கேளுங்கள்: “37-வது பிரிவுப்படி இந்த ஸ்டேஷனுக்கு நியமிச்ச அதிகாரி யாருங்க ஐயா?” சட்டப்பிரிவின் எண்ணோடு கேட்கிறவருக்குக் கிடைக்கிற பதிலே வேறு.

ஸ்டேஷனில் பதில் வரவில்லையா, அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரிமாண்ட் செய்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். ஸ்டேஷன், ஜி.எச்., மாஜிஸ்திரேட், ஜெயில் என்பதுதான் வண்டி போகும் பாதை. வக்கீல்களின் குமாஸ்தாக்களுக்கு இது அத்துப்படி. விடுமுறை நாளிலும் ராத்திரியிலும் மாஜிஸ்திரேட்டின் வீட்டிலேயே ஆஜர்படுத்துவார்கள். அங்கே மெமோவின் நகலும் ரிமாண்ட் ரிப்போர்ட்டும் கோர்ட்டுக்குப் போய்விடுகின்றன. வக்கீல் மூலம் நகல் வாங்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: கைதுக்கான காரணத்தைச் சொல்லவில்லை என்றால் அந்தக் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கணினியில் தேடுகிறவர்களுக்கு இரண்டு இடம். எப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016 செப்டம்பரில் வந்த உத்தரவு. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் அதைப் பார்க்கலாம். குற்ற எண் கிடைத்துவிட்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் ஸ்டேஷன் பெயரும் ஆண்டும் போட்டு வழக்கைப் பிடிக்கலாம்.

அமெரிக்காவில் இந்தத் தேடல் இவ்வளவு கஷ்டமில்லை. கைதானவரை மாவட்டச் சிறையில் சேர்த்த சில மணி நேரத்தில் பெயர், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை, பல இடங்களில் போட்டோவோடு ஷெரிஃப் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் வந்துவிடும். வீட்டாருக்கு நிம்மதிதான். ஆனால் அந்தப் போட்டோக்களை அள்ளித் தங்கள் தளத்தில் போட்டு, எடுப்பதற்குக் காசு கேட்கும் வியாபாரமும் கூடவே வளர்ந்தது. அப்படி ஒரு தளத்தை நடத்தியவர்கள்மேல் 2018-ல் கலிபோர்னியா அரசு பணம் பறித்ததாக வழக்கே போட்டது. குற்றம் நிரூபணம் ஆகாதவர்களின் முகங்களும் அவற்றில் இருந்தன.

நம் ஊரில் நடப்பது அதைவிடக் கொடுமை. கைதான பையன் எங்கே என்று தாய் அலைந்துகொண்டிருக்கும்போதே, கையில் மாவுக்கட்டோடு அவன் நிற்கும் போட்டோ வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றுகிறது. “வழுக்கி விழுந்துட்டான்” என்ற விளக்கத்தோடு! முகத்தை ஊருக்குக் காட்டச் சொல்லிச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. இடத்தை வீட்டுக்குச் சொல்லத்தான் சொல்கிறது. செய்ய வேண்டியதை விட்டுவிட்டுச் செய்யக் கூடாததைச் செய்கிற இந்த வழக்கம் நிற்க வேண்டும்.

எல்லாக் கதவும் அடைத்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. தென் மாவட்டக்காரர்களுக்கு மதுரைக் கிளை. தகவல் உரிமைச் சட்டத்திலும் ஒரு வழி உண்டு: ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மனுவின் தலைப்பிலேயே அதைக் குறிப்பிடுங்கள். ஸ்டேஷன் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லியும் உடனே எழுதிக் கொடுங்கள். குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பர் உத்தரவு. அதற்குச் சில மாதம் முன்புதான் சாத்தான்குளம் ஸ்டேஷனில் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது மாஜிஸ்திரேட் விசாரணையில் வெளியே வந்தது.

ஜெயிலுக்குள் போய்விட்டால் தேடல் சுலபம். வாசலில் வாரண்டைச் சரிபார்த்து, அங்க அடையாளம், உடைமை, உடம்பில் காயம் இருந்தால் அது, எல்லாவற்றையும் பதிந்துதான் உள்ளே எடுப்பார்கள். அந்தக் காயக் குறிப்பு பின்னால் பெரிய சாட்சி. பக்கத்து ஊர் ஜெயில்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்டு இறந்த தந்தை ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் அங்கிருந்து மாவட்டத்தின் இன்னொரு கோடியில் இருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குத்தான் கொண்டுபோனார்கள். பெண்களுக்குத் தனிச்சிறை. பதினெட்டு நிரம்பாதவர் என்றால் ஜெயிலில் தேடக் கூடாது, கூர்நோக்கு இல்லத்தில் விசாரிக்க வேண்டும். மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, ஆதார் அட்டை கொண்டுபோங்கள். இ-முலாகாத் தளத்தில் முன்பதிவும் செய்யலாம்.

ஜாமீன் மனுவுக்கு இந்தத் தாள்களில் எவை எவை வேண்டும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.